களிமண் உருண்டை பார்த்த முகம்

தணிகைவேலின் கம்ப்யூட்டருக்குள், இலவசமாக இறக்கிய புதுச் சிற்ப மென்பொருளில், ஒரு களிமண் உருண்டை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு தலைகள் கிடந்தன. ஒன்றுக்கு மூக்கு மட்டும் இருந்தது. இன்னொன்றுக்கு, தலையை அசைய வைக்கும் வலை உதட்டைச் சுற்றி மட்டும் போடப்பட்டிருந்தது. அதனால் உதடு மட்டும் அசைந்தது.

"புதுசா?" என்று கேட்டது உதட்டுத் தலை.

"ஆமா. என்னை ஒரு மனுஷத் தலையா செய்யப் போறாராம்."

"எங்களையும் அப்படித்தான் ஆரம்பிச்சார். இவனுக்கு மூக்கு முடிஞ்சதும், வேற மென்பொருள் இதைவிட நல்லா இருக்குன்னு யாரோ சொன்னாங்க. எனக்கு உதடு வரைக்கும் வலை போட்டார். அப்புறம் வலை போட இன்னொண்ணு சுலபம்னு வீடியோ பார்த்தார்."

"இது அப்படியில்ல. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் சரியாம்."

"நானும் அதையேதான் சொன்னேன்."

மூக்குத் தலை பெருமூச்சு விட்டது.

அப்போது உருண்டையில் ஒரு குழி விழுந்தது. குழிக்குள் ஒரு கண் வந்தது, மேலே இமையும் வந்தது. அதோடு எல்லாம் நின்றுபோனது. திரையின் ஓரத்தில் வேறொரு மென்பொருள் இறங்கத் தொடங்கியது.

பிறகு உதட்டுத் தலை மெதுவாகக் கேட்டது.

"எங்களுக்குக் கண் கிடையாது. நீ கொஞ்சம் வெளியே பார்த்துச் சொல்லு. அவர் எப்படி இருக்கார்?"

உருண்டை தன் ஒற்றைக் கண்ணால் திரைக்கு வெளியே பார்த்தது.

"ஒரு கண் இருக்கு. பாதி மூக்கு இருக்கு. மத்ததெல்லாம் வழவழன்னு உருண்டையா இருக்கு," என்றது. "அவரையும் யாரோ பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க."