சர்க்கரை ஏறிடுச்சு

"சர்க்கரை ரொம்ப ஏறிடுச்சுக்கா. கீழ கறுத்து அழுக ஆரம்பிச்சிருக்கு. விட்டா மேல பரவிடும். நாளைக்கே வெட்டியாகணும்."

மகன் ரென்ஸோ அடுத்த அறையில் மெல்லச் சொன்னது ஓர்லாண்டோவின் காதில் விழுந்தது. கட்டிலில் கிடந்தவர், கட்டுப் போட்டிருந்த தன் வலது காலைப் பார்த்தார்.

"அப்பாகிட்ட யாருடா சொல்றது?" சாக்ரமென்டோவிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்த மகள் லொரேட்டா கேட்டாள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

வந்து நின்றார்கள்.

"எதை வெட்டப் போறீங்க?"

ரென்ஸோ தலை குனிந்தான். லொரேட்டா சிரித்தாள். "திராட்சையைத்தான்ப்பா. நம்ம மேற்குத் தோட்டத்துல பழுத்து, சர்க்கரை ஏறிக் கிடக்காம். கீழ்க் கொத்தெல்லாம் அழுகுதாம். வீட்டுல ஒயின் போடுறவங்க பீப்பாயோட வந்துடுவாங்களே. நீங்கதான் எப்பவும், இன்னும் கொஞ்சம் கொடியிலயே இருக்கட்டும்பீங்க. அதான் சொல்ல பயம்."

ஓர்லாண்டோவும் சிரித்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு குசுகுசுப்பு? அழுகல் ஏற விடக் கூடாதும்மா. வெட்டிடுங்க."

"காபி கொண்டு வரேன்ப்பா" என்று அவள் நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள்.

நகரப் பார்த்த ரென்ஸோவின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"டாக்டருக்குப் போன் பண்ணி, அப்பா சரின்னுட்டாருன்னு சொல்லிடு."

"அப்பா..."

"மேற்குத் தோட்டத்தைப் போன வாரமே பறிச்சுப் பிழிஞ்சு, சாறெல்லாம் வித்தாச்சுன்னு அவகிட்ட சொல்லிடாத. நான் நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா, பாவம்."