அரணையின் கோடுகள்

மாஞ்சருகுக்கு அடியில் அரணை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. தலைக்கு நேர் மேலே, பசியோடு செம்போத்து நின்றது.

“இங்கேதான் ஏதோ தெரிஞ்சுச்சு,” என்று அது சருகைக் கிளறியது.

முள்வேலிக்குள் பத்திரமாக இருந்த ஓணான், தன் சிநேகிதனைக் காப்பாற்றப் பார்த்தது. “அது பல்லிங்க அண்ணே. சுவத்துலேருந்து விழுந்து செத்து நாளாச்சு. ஒரே நாத்தம்!”

செம்போத்து முகம் சுளித்துத் திரும்பி நடந்தது.

அரணைக்குச் சுருக்கென்றது. பல்லியா? விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியா? இந்த எண்ணெய் பூசிய பளபளப்பும், கழுத்திலிருந்து வால்வரை ஓடும் பொன் கோடுகளும் எந்தப் பல்லிக்கு உண்டு? எந்தப் பல்லி சருகுக்குள்ளே குடியிருக்கிறது?

பொறுக்க முடியவில்லை. தலையை வெளியே நீட்டியது.

“கோடு தெரியலையா? நான் அரணை!”

செம்போத்து பாய்ந்தது. அரணை கல்லிடுக்கை நோக்கி ஓடியது. அலகில் சிக்கிய வால் அறுந்து துடித்தது. கிடைத்தவரை லாபமென்று செம்போத்து அதை விழுங்கிவிட்டுப் பறந்தது.

ஓணான் பதறி இறங்கி வந்தது. “அடப்பாவி, உயிர் இருக்கா?”

இடுக்குக்குள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது. “இருக்கு, இருக்கு. விழுங்குறதுக்கு முன்னாடி வாலிலே இருந்த கோட்டைப் பார்த்திருக்குமில்லே?”