சூரியனுக்கு முன் எழும்பியவர்

சுற்றுலா தொடங்கிய நாளிலிருந்து எட்டு மணிக்கு முன் கண் திறக்காத ஜசிந்தன், மட்டக்களப்பு விடுதியில் தேத்தண்ணியோடு வந்து மனைவி டினுஷாவை எழுப்பினான்.

"இந்தா, கல்லடிப் பாலத்தில நிண்டு எடுத்த சூரியோதயம்! குளிர் எலும்பு வரைக்கும் ஏறிட்டு, எண்டாலும் நான் விடல்ல."

வாவியும் வானமும் ஒரே சிவப்பு. டினுஷா பூரித்துப்போனாள். "என்ட மனுசன் விடிய எழும்பி எடுத்தது" என்று எழுதி, குடும்பம் முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஜசிந்தன் மீசையைத் தடவிக்கொண்டான்.

உடனே அவளுடைய அம்மாவின் குரல்பதிவு வந்தது:

"மருமகன் கெட்டிக்காரன்தான். ஆனா பிள்ள, பாலத்து மூலையில நிண்டு கச்சான் கடலை கொறிக்கிறது நீதானே?"

டினுஷா படத்தைப் பெரிதாக்கினாள். நேற்றுப் பின்னேரம், பொழுதுபடும் நேரம் வாங்கித் தின்ற அதே கச்சான்!

திரும்பிப் பார்த்தாள். ஜசிந்தன் போர்வைக்குள் அஸ்தமித்திருந்தான்.