மூன்று காரணங்கள்

அவள் கம்ப்யூட்டரில் டேப் விசையைத் தட்டினாள். பெயர்.

தட்டினாள். டோக்கன் எண்.

தட்டினாள். பணியில் சேர்ந்த தேதி. ஒன்பது வருட உழைப்பு எட்டு இலக்கத்தில் அடங்கிவிட்டது.

பனியன் கம்பெனியின் ராஜினாமாப் படிவம் அது. இதுவரை மற்றவர்களுக்குத்தான் அடித்திருக்கிறாள். இன்று அவளுக்கே. ஆறாம் மாதம். பிரசவ லீவு கேட்டு மனுக் கொடுத்த மறுநாளே மேனேஜர் கனகசபாபதி இதைத் திறக்கச் சொல்லிவிட்டார். உட்காரவைத்துச் சோறு போட இதென்ன சத்திரமா என்று கேட்காத குறை.

அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்து என்ன பயன்? மவுஸ் அசைந்தால்தான் வேலை நடக்கிறது என்று நினைக்கிற மனிதர். அவள் விரல்களோ மவுஸ் பக்கமே போகவில்லை.

தட்டினாள். காரணம்.

இந்தக் கட்டத்தில் எதையும் எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். சொந்தக் காரணம். குடும்பச் சூழல். உடல்நலம்.

"சொந்தக் காரணம்னு போட்டுரு அம்மிணி. சட்டுனு முடிஞ்சுரும்."

போன வருடம் அவர் சொல்லச் சொல்ல இந்தப் படிவத்தைச் செய்தவள் அவள். வேறெதையும் யாரும் எழுதாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டியவளும் அவள்தான். வயிறு தெரிய ஆரம்பித்த பதினோரு பெண்கள் இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு பேருக்கும் சொந்தக் காரணம்.

சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது அவளுக்கு.

அவருடைய செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார்.

கடவுச்சொல் அடித்துப் படிவத்தின் பூட்டைத் திறந்தாள். மூன்று காரணங்களையும் நீக்கினாள். அந்த இடத்தில் வெறும் கட்டம் ஒன்றை வைத்தாள். மறுபடி பூட்டினாள்.

ஷிஃப்ட், டேப். ஒரு கட்டம் பின்னால் போய்ச் சேர்ந்த தேதியைச் சரிபார்த்துக்கொண்டாள். நாளைக்கு யாரும் நொட்டை சொல்லக் கூடாது.

டேப். காரணம்.

'நான் ராஜினாமா செய்யவில்லை. ஆறு மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவ விடுப்புக் கேட்டேன். மேனேஜர் இந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னார்.'

ஒரு முறை வாசித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

கன்ட்ரோல், பி. இரண்டு பிரதிகள்.

பிரிண்டர் சத்தம் கேட்டு அவர் திரும்பி வந்தார். "முடிஞ்சுதா?" என்று தாளை எடுத்தவர், நின்ற இடத்திலேயே வாசித்தார். முகம் சுண்டிவிட்டது. சட்டென்று மவுஸைப் பிடித்தார். எதை அழுத்துவது என்று தெரியவில்லை.

"என்ன அம்மிணி இது?"

அவள் இரண்டாவது பிரதியை அவர் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தாள்.

"கையில இருக்கறது உங்களுக்கு, இது எனக்கு. இதுல பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார். தேதியோட."

அவர் பேனாவைத் தொடவில்லை.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அவசரம் ஒன்றுமில்லை. பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.