வலைவரை ஒரு கோடு

கனடாவில் தண்ணீர் உறையும் ஊரிலெல்லாம் கூலிக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவன் நான். கடைசி ஆட்டம்வரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. அந்தக் கடைசி ஆட்டம் சட்பரி ஊரில்.

ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டித் தளத்தைக் கண்ணாடியாக்கிய அரங்க ஊழியர் லயல் திரும்பிப் பார்த்தார். எங்கள் பெஞ்சிலிருந்து எதிரணி வலைவரை ஒற்றைச் சறுக்குக் கோடு.

"எவன்டா என் ஐஸ்ல ஓடினது?"

"நம்ம ஸ்டெஃபி இல்ல லயல்," என்று என்னைக் காட்டினான் கோல்கீப்பர் டூசே. "வலைக்கு வழி அவனுக்குத் தெரியாது."

கடைசி நிமிடத்தில் வட்டு என் மட்டைக்கு வந்தது. கோட்டின்மேலேயே சறுக்கினேன். எதிரே வந்த தடியர்கள் தாமாக விலகினார்கள். கோல். கூச்சலில் அரங்கக் கூரை அமெரிக்காவில் போய் விழுந்தது.

பல வருடம் கழித்து, இன்று காலை, என் வீட்டெதிரே புதிதாய் உறைந்த ஏரியில் அதே கோடு. கரையிலிருந்து நடு ஏரிவரை போகிறது, திரும்பவில்லை.

சறுக்குக் காலணியின் கத்தியைத் தீட்டிவிட்டேன். அங்கே வலை காப்பவர் யாரோ, பாவம்.