இரண்டு குதிகால்

ஃபைலை மனைவியின் மடியில் போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் பெயிண்டர் எழுந்து நின்றார்.

“நீங்க அறுத்த கால் எதுன்னு என் நடையைப் பாத்துச் சொல்லுங்க டாக்டரே. சரியாச் சொல்லிட்டா இன்னைக்கே டேபிள்ல படுத்துக்கிறேன். தப்பாச் சொன்னா என் காலை விட்டுடணும்.”

போன வருஷம் ஏணி சறுக்கி, நின்ற வாக்கிலேயே தரைக்கு வந்தவர் அவர். பூனை மாதிரி விழுந்தார் என்று சிரித்தார்கள். பூனைக்கு ஒன்றும் ஆகாது. இவருக்கு இரண்டு குதிகாலும் நொறுங்கிப்போயின.

அறுத்துத் தகடு வைக்கலாம் என்றார் இந்த டாக்டர். கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் தானே கூடும் என்றார் பக்கத்து அறை டாக்டர்.

பெயிண்டர் இரண்டு பேரையும் நம்பவில்லை. டப்பாவில் எழுதியிருப்பதையே நம்பாமல், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் அடித்துப் பார்க்கிற ஆள். ஒன்றை அறுங்கள், ஒன்றை விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது எக்ஸ்ரே பார்த்தால், அறுக்காத கால் கோணலாகக் கூடியிருக்கிறதாம். அதையும் அறுத்துத் திருகாணி போட வேண்டுமாம். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாதாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சுவர் வேலை. இன்னொரு மூன்று மாதம் படுத்தால், அந்த ஏணியில் அப்புறம் வேறொருவன்தான் ஏறுவான்.

டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். வருஷத்துக்கு எத்தனையோ கால். எது யாருடையது என்றோ, இப்போது பார்த்த எக்ஸ்ரே வலமா இடமா என்றோ நினைவில்லை. ஆனால் தன் கைவேலை தனக்குத் தெரியாதா என்ன?

பெயிண்டர் கதவுக்கும் சுவருக்கும் நாலு நடை நடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தார். வலது கால் பட்டும் படாமலும் விழுந்தது.

“வலதுதான் நான் தொடாதது பெரியவரே. அதான் இப்படி நொண்டுது.”

பெயிண்டர் குனிந்து, வலது காலுறையைக் கொஞ்சம் கீழே தள்ளினார்.

கணுக்காலுக்குப் பின்னால் தையல் தழும்பு.

டாக்டர் குனிந்து தழும்பைப் பார்த்தார். தான் அறுத்த காலே இப்படி நொண்டும்போது, இன்னொன்றையும் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பார்? வலி அதிகமானால் வரச்சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசற்படியில் பெயிண்டர் உட்கார்ந்தார். வலது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். சல்லிக்கல் ஒன்று விழுந்து உருண்டது.

தழும்பைத் தடவிப் பார்த்தார்.

“டாக்டர் நல்ல வேலைக்காரன்தான்” என்று முணுமுணுத்தார். யார் காதிலும் விழாமல்.

பிறகு படியில் கையை ஊன்றி எழுந்தார். வலப்பக்கம் நின்றிருந்த மனைவி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து தோளைக் கொடுத்தாள்.