வாளிக்குத் திரும்பிய கெண்டை

"நான் கொக்கியில கோக்குற கெண்டைக்குஞ்சு, விரால் வயித்துக்குள்ள போயி ஒரு தூக்கம் போட்டுட்டு, மறுபடியும் என் வாளிக்கே வந்துடும்!" என்றார் அரங்கநாதன். சிறுவாச்சூர் வளைவில் ஸ்டியரிங்கே இல்லாமல் பஸ்ஸைத் திருப்பியதாகச் சொல்பவர். டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புளுகுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம்.

மகன் ராஜராஜனைக் கொள்ளிடம் ஆறு கொண்டுபோன பிறகு அவர் மனைவி உண்ணாமலை சிரித்ததில்லை. அவனுடைய கயாக் படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவே இல்லை. அதே படகில் மீனுக்குப் போய்வந்து அரங்கநாதன் அளந்துவிடுவதெல்லாம், அவளை ஒருமுறை சிரிக்க வைக்கத்தான்.

"புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றவள், முந்தானையிலிருந்து பச்சை நூல் ஒன்றை உருவி, வாளியில் நீந்திய கெண்டையின் வாலடியில் கட்டினாள். "இது வரட்டும், பாப்போம்."

தா.பழூருக்குத் தெற்கே மடுவில், இரை சாகாமல் துள்ளட்டும் என்று முதுகுத்தோலில் மட்டும் கொக்கியை ஏற்றி அதைத்தான் விட்டார். விரால் விழுங்கியதைக் கண்ணால் பார்த்தார். மிச்சக் குஞ்சுகளை ஆற்றிலேயே கொட்டிவிட்டு, பிடித்த விராலும் காலி வாளியுமாக வீடு வந்தார்.

உண்ணாமலை விராலை அறுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. கை கழுவ வாளியை எடுத்தாள். அதில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. பச்சை நூலோடு கெண்டை சுற்றிக்கொண்டிருந்தது.

அரங்கநாதன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணேன்னு சொல்லு உண்ணாமலை. புளுகுன்னு சொல்லு."

அவள் நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"புளுகு இல்லீங்க. வந்துடுச்சு. என் முடிச்சுதான். திருப்பிக் குடுக்கத் தெரிஞ்சுதான் இருக்கு இந்த ஆத்துக்கு."